ஒரு தீவில் நூற்றிரண்டு ஆண்டுகள்: ஜைனுலாப்தீன் மரைக்காயரின் வாழ்வு

நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் தந்தையை ‘வாப்பா’ என்றும், பாட்டனாரை ‘அப்பா’ என்றும் அழைப்பது வழக்கம். வெளியூரிலிருந்து வருவோர் இதைக் கேட்டுச் சற்றே குழம்புவதுண்டு. அந்த அப்பாமார்களின் வரலாறு பெரும்பாலும் மூன்றாம் தலைமுறையோடு மறைந்துவிடுகிறது. கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் அவர்கள் பட்ட பாடுகளை எழுதி வைத்தவர் அரிது. பேரப்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்துதான் பல குடும்பங்களில் எஞ்சியுள்ள ஒரே நினைவுச்சின்னம்.

அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்னும் பெயரை உலகம் அறியும். அதிலுள்ள முன்னெழுத்துகள் மூன்றும் மூன்று தலைமுறைகள். அவுல் என்பவர் கலாமின் பூட்டனார், பக்கீர் பாட்டனார், ஜைனுலாப்தீன் தந்தையார். முதலிருவரைப் பற்றி நமக்குக் கிடைப்பவை ஓரிரு செய்திகளே. மூன்றாமவரைப் பற்றி ஓரளவு விரிவாகத் தெரிந்துகொள்ள முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அவருடைய கடைசி மகன் பிற்காலத்தில் நூல் எழுதியதுதான். 1999இல் வெளிவந்த ‘அக்னிச் சிறகுகள்’ ஏவுகணைகளைப் பற்றிய நூல் என்றே பலர் நினைக்கின்றனர். நமக்கோ அதன் முதற்பகுதி, பதினைந்து பேரக்குழந்தைகளுக்கு அப்பாவாக வாழ்ந்து 1976ஆம் ஆண்டு 102 வயதில் மறைந்த ஒரு படகுக்காரரின், ஒரு பள்ளிவாசல் இமாமின் வாழ்க்கைக் குறிப்பாகவே படுகிறது.

மனிதர்களில் சிறந்தவர் யார் என்று கிராமவாசி ஒருவர் வினவியபோது, ஆயுளும் நீண்டு செயலும் அழகாக அமைந்தவரே என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாகத் திர்மிதியில் ஒரு செய்தி உண்டு. நீண்ட ஆயுள் பலருக்குக் கிடைக்கிறது. அதன் மறுபாதி எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு மாதிரியைத் தேடுவோர் ராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெருவுக்குப் போகலாம்.

ஜைனுலாப்தீன் பிறந்த காலம் 1874ஆம் ஆண்டளவில். அப்போது ராமேசுவரத்துக்கு இருப்புப்பாதை கிடையாது. பாம்பன் கால்வாயைக் கடந்து தீவுக்குள் நுழைய வேண்டுமாயின் படகே கதி. காசியிலிருந்து நடந்து வந்த துறவியும் சரி, மறவர் சீமையிலிருந்து அரிசி மூட்டையோடு வந்த வணிகரும் சரி, யாராயினும் படகோட்டியின் தயவை நாடியே ஆகவேண்டும். படகுகளை வைத்திருந்தோரில் முஸ்லிம்கள் கணிசமானவர்கள். மரக்கலம் என்ற சொல்லிலிருந்தே மரைக்காயர் என்ற பெயர் தோன்றிற்று என்பாரும் உண்டு. வேறு விளக்கங்களும் சொல்லப்படுகின்றன. எவ்வாறாயினும், இந்துக்களின் மிகப் பெரிய யாத்திரைத் தலங்களுள் ஒன்றான அத்தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே பாலமாயிருந்தவர்களுள் கலாமின் முன்னோரும் அடங்குவர்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அப்பாலம் நாட்டுக்குப் பெருமை. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய்ச் சேரலாம் என்ற நிலை வந்தது. ஆனால் படகுத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது இறங்குமுகத்தின் தொடக்கம். அன்று ஜைனுலாப்தீனுக்கு நாற்பது வயது. ஒரு மனிதன் தன் தொழிலில் ஊன்றி நிற்கவேண்டிய வயதில், அத்தொழிலுக்கு அடியிலிருந்த தண்ணீரே வற்றிப்போனது போன்ற நிலை. பிற்காலத்தில் அவருடைய மகன் ஒரு நாட்டின் தொழில்நுட்ப முன்னேற்றத்துக்கே அடையாளமாகப் போகிறார் என்பதை எண்ணும்போது, இந்தச் செய்தியை நாம் இலேசாகக் கடந்துபோக முடிவதில்லை.

1931 அக்டோபர் 15 அன்று கலாம் பிறந்தபோது தந்தைக்கு ஐம்பத்தேழு வயதளவில் இருக்கும். நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கும் வயது. பள்ளிவாசல் தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட பெரிய வீடொன்று முன்னோர் விட்டுச்சென்ற சொத்தாக இருந்தது. வீடு பெரிது, வருவாய் சிறிது. அவருக்கு முறையான பள்ளிக்கல்வியும் அதிகமில்லை, செல்வமும் அதிகமில்லை என்று மகனே எழுதுகிறார். ஆடம்பரம் என்று எதுவும் அவ்வீட்டில் கிடையாது. எனினும் உணவு, மருந்து, உடை ஆகிய தேவைகளில் குறை வைக்கப்படவில்லை. துணைவியார் ஆஷியம்மா நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பதற்குக் கணக்கில்லை; குடும்பத்தார் அனைவரின் எண்ணிக்கையையும்விட வெளியாரின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது மட்டும் உறுதி என்கிறார் கலாம். வருவாய் சுருங்கிய வீட்டில் இலை மட்டும் சுருங்கவில்லை. ஜைனுலாப்தீனைப் பற்றிப் பேசும் பலர் இந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று என்பது நம் எண்ணம்.

அவருடைய நாள் விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். சுபுஹுத் தொழுகையை முடித்தபின், வீட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலிருந்த சிறிய தென்னந்தோப்புக்கு நடந்தே போவார். தோளில் ஏறக்குறைய ஒரு டஜன் தேங்காய்களைச் சுமந்துகொண்டு திரும்புவார். அதன் பிறகே காலை உணவு. அறுபதுகளின் பிற்பகுதியிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. தாவூத் (அலை) அவர்கள் தம் கைத்தொழிலால் ஈட்டியதையே உண்டார்கள் என்னும் நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அரசராயிருந்த ஒரு நபியைப் பற்றிய செய்தி அது. மிம்பரின் மேல் சொல்லப்படும் அச்செய்திக்கு, மிம்பரின் கீழே இறங்கியதும் எட்டு மைல் நடந்த ஓர் இமாமின் தோள் விளக்கவுரையாக அமைந்திருந்தது.

அறுபதைக் கடந்த அவர், மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது, புதிதாக ஒரு மரப்படகு கட்டும் வேலையைத் தொடங்கினார். ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் சேதுக்கரைக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே நோக்கம். உறவினரான அஹ்மத் ஜலாலுத்தீன் உடனிருந்து உழைத்தார். இவரே பின்னர் மகள் ஜொஹராவை மணந்து மருமகனானவர். கடற்கரையில் படகு உருவெடுப்பதைச் சிறுவன் கலாம் நின்று பார்த்தான். விறகுத் தீயின் அனலில் படகின் உடலையும் குறுக்குத் தடுப்புகளையும் பதப்படுத்திய காட்சி, அறுபதாண்டுகள் கழித்து அவர் எழுதும்போதும் கண்ணிலிருந்து அகலவில்லை. விண்வெளிக்கலம் கட்டியவர் முதன்முதலில் கண்ட கலம் இதுதான்.

படகு நன்றாகவே ஓடியது. பின்பு ஒரு புயல் அதைக் கொண்டுபோயிற்று. மணிக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட காற்று. ராமேசுவரத்தார்க்குக் கடல் கொடுப்பதும் எடுப்பதும் புதிதன்று. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியே அழிந்தபோது ஜைனுலாப்தீனுக்குத் தொண்ணூறு வயது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அன்று கடலில் மறைந்தது. தம் வாழ்நாளில் அவர் பாலம் இல்லாத தீவையும், பாலம் கண்ட தீவையும், தன் மறுமுனை நகரத்தை இழந்த தீவையும் கண்டார்.

துன்பம் வரும்போது அதைக் கண்டு வெருள்வதைவிட, அது எதற்காக வந்தது என்று உள்ளே திரும்பிப் பார்ப்பதே உகந்தது என்பது அவர் மகனுக்குச் சொல்லித் தந்த பாடங்களுள் ஒன்று. தொழுகையைப் பற்றிச் சிறுவன் கேட்டபோதும் எளிய தமிழில் அவர் விளக்கினார். தொழும்போது மனிதன் தன் உடலின் எல்லையைக் கடந்து, செல்வம், வயது, சாதி, சமயம் என்னும் பிரிவுகள் அற்ற ஒரு பேரிருப்பின் பகுதியாகிறான் என்பது அவ்விளக்கத்தின் சாரம். மதரஸாவில் பட்டம் பெற்ற ஆலிம் ஒருவர் இதைச் சற்று வேறு சொற்களால் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அது புத்தகத்திலிருந்து எடுத்த விளக்கமன்று; தினமும் ஐந்து வேளை ஒரே இடத்தில் நின்று பெற்ற விளக்கம்.

மாலைத் தொழுகைக்கு மகனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது பல சமயத்தவரும் கிண்ணங்களில் தண்ணீர் ஏந்தி வாசலில் காத்திருப்பர். விரல்நுனியைத் தண்ணீரில் தோய்த்து அவர் துஆ ஓதித் தருவார். நோயாளிக்கு அத்தண்ணீர் கொண்டுபோகப்படும். குணமடைந்தவர்களின் வீட்டார் நன்றி சொல்ல வருவர். அவர் புன்னகையோடு, நன்றியை அல்லாஹ்வுக்குச் சொல்லுங்கள் என்று திருப்பிவிடுவார்.

ஓதிப் பார்த்தலைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டென்பதை அறிவோம். தேள் தீண்டிய ஒரு குலத்தலைவருக்காக நபித்தோழர் ஒருவர் அல்ஹம்து சூராவை ஓதியதும், குணமடைந்தபின் அக்குலத்தார் ஆடுகளைக் கூலியாகத் தந்ததும், நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதும் புகாரியில் பதிவாகியுள்ளன. கூலிக்கே இடமிருந்த ஒரு செயலில், நன்றியைக்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளாதவர் இவர். நன்றி வந்த கணத்திலேயே அதை உரியவனிடம் அனுப்பிவைத்த இந்தப் பழக்கத்தை நாம் தவ்ஹீதின் நடைமுறை வடிவம் என்றே கருதுகிறோம். ஊரார் தம்மை வணங்கத்தக்கவராக்கிவிடும் ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி அவருடைய நட்பைப் பற்றி எழுதியாக வேண்டும். இங்கேதான் எழுதுகோல் தயங்குகிறது. ஏனெனில் அதிகமாகச் சொல்லப்பட்டும் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டும் கிடக்கும் பகுதி இதுதான்.

ராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் ஜைனுலாப்தீனின் மிக நெருங்கிய நண்பர். சிவன் கோயிலுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் பத்து நிமிட நடைதான். இருவரும் தத்தம் சமய உடையிலேயே அமர்ந்து ஆன்மிகம் பேசிக்கொண்டிருந்த காட்சியே தம் இளமையின் மிகத் தெளிவான நினைவுகளுள் ஒன்று என்று கலாம் எழுதுகிறார். தீவில் தேவாலயம் எழுப்பிய பாதிரியார் போடல் என்பவரையும் சேர்த்து, மூவரும் கூடி ஊர்ப் பிரச்சினைகளுக்குத் தீர்வு தேடியதைப் பிற்காலச் சொற்பொழிவுகளில் அவர் பலமுறை நினைவுகூர்ந்தார்.

சமய நல்லிணக்கக் கூட்டங்களில் இக்காட்சி இப்போது ஓர் அலங்காரப் படமாகிவிட்டது. தொழுகையையும் மார்க்கத்தையும் சற்றே தளர்த்திக்கொண்டால்தான் முஸ்லிம் ஒருவன் நல்ல அண்டைவீட்டானாக முடியும் என்று குறிப்பால் உணர்த்துவோர் இப்படத்தைக் கையில் பிடித்துக்கொள்கின்றனர். நம்மவருள் சிலரோ இதன் மறுபக்கத்தில் நின்று, கோயில் குருக்களோடு இவ்வளவு நெருக்கம் ஈமானுக்கு உகந்ததா என்று புருவத்தை உயர்த்துகின்றனர். இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். நட்பு என்றால் ஏதேனும் ஒன்றைக் கழித்துக்கொள்வது என்று இருவருமே நம்புகின்றனர். ஜைனுலாப்தீன் எதைக் கழித்தார்? நான்கு மணிக்கு எழுவதைக் கழிக்கவில்லை. இமாமத்தைக் கழிக்கவில்லை. தொப்பியையோ உடையையோ கழிக்கவில்லை. சாஸ்திரிகளும் தம் பூணூலையும் பூசையையும் கழித்துவிட்டு வரவில்லை. ‘தத்தம் உடையிலேயே’ என்று மகன் குறித்து வைத்ததற்கு நாம் கொடுக்கும் பொருள் இதுதான். உங்களோடு மார்க்கத்தின் பொருட்டுப் போரிடாத, உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் கூறுகிறது. அவ்வசனம் ஒரு தீவில் எழுபது எண்பதாண்டுகள் நடந்து காட்டப்பட்டது.

சீதாராம கல்யாண விழாவின்போது, வீட்டருகே இருந்த ராமர் தீர்த்தக் குளத்தின் நடுவிலிருந்த திருமண இடத்துக்கு உற்சவ மூர்த்திகளைக் கொண்டுசெல்லத் தனி மேடையமைத்த படகுகளை ஏற்பாடு செய்து தருவது கலாமின் குடும்பத்தாரின் வழக்கம். இதைப் படிக்கும்போது நம் வாசகர்களில் சிலருக்கு மனம் உறுத்தக்கூடும். எல்லை எங்கே என்பதை ஆலிம்கள் விவாதிக்கட்டும். நாம் ஃபத்வா வழங்கும் இடத்தில் இல்லை. ஆயினும் வரலாறு என்ற வகையில் ஒன்று சொல்லலாம். அது வழிபாடன்று, ஊர்முறை. படகுள்ளவரிடம் படகைக் கேட்டது ஊர், அவர்கள் கொடுத்தனர். கீழக்கரைச் சீதக்காதியும் கிழவன் சேதுபதியும் வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அந்தச் சீமையில் இத்தகைய கொடுக்கல் வாங்கல் வேரூன்றியிருந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் உருவாகத் துணைநின்ற அதே மண் அது.

அதற்காகத் தீவில் சுவர்களே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பியணிந்த அச்சிறுவன் பூணூலணிந்த குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரியின் அருகே முன்வரிசையில் அமர்ந்திருப்பதைப் பொறுக்கவில்லை. கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். சிறுவன் எழுந்து போனான். அப்போது நண்பன் ராமநாதன் அழுததுதான் கலாமின் நினைவில் ஆழப் பதிந்தது. இருவரும் வீட்டில் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை அழைத்தனுப்பினார். ஒன்றுமறியாக் குழந்தைகளின் மனத்தில் ஏற்றத்தாழ்வு, சமயப் பகை என்னும் நஞ்சைக் கலக்காதீர்; மன்னிப்புக் கேளும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விடும் என்ற கருத்தில் கண்டிப்பாகச் சொன்னார். ஆசிரியர் வருந்தினார், மனம் மாறவும் செய்தார்.

முஸ்லிம் சிறுவனுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்புக்காக, அவனுடைய வாப்பா பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கவேண்டிய தேவை ஏற்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பணியைக் கோயிலின் தலைமைக் குருக்களே தம் பணியாக ஏற்றுக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் திண்ணையில் அமர்ந்து பேசிய பேச்சுகளின் பலன் அன்று ஒரே நாளில் தெரிந்தது. இன்று நம் தெருக்களில் பிள்ளைகளுக்கு இத்தகைய அவமதிப்பு நேரும்போது, நமக்காகப் பேச வரக்கூடிய ஓர் அயலவரின் பெயரை நம்மில் எத்தனை பேரால் உடனே சொல்ல முடியும்? அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டைவீட்டாருக்குப் பங்கு கொடுத்தீர்களா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள் என்று திர்மிதியில் வருகிறது. பெருநாளில் நாம் அனுப்பும் பிரியாணித் தட்டு நல்லதுதான். ஆண்டுக்கு இருமுறை அனுப்பும் தட்டு மட்டும் அத்தகைய நட்பை உண்டாக்கிவிடாது.

அதே பள்ளிப்பருவத்தில் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் மாணவன் கலாமைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்ததும், தம் சமையலறையில் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற அவர் மனைவி மறுத்ததும், ஐயர் தாமே பரிமாறி அருகில் அமர்ந்து உண்டதும், மறுவாரம் அந்த அம்மையாரே உள்ளே அழைத்துப் பரிமாறியதும் பலர் அறிந்தவையே. மாற்றத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. சில வீடுகளில் ஒரு தலைமுறை பிடிக்கிறது.

இனி, அவர் மகனை அடித்த ஒரே நிகழ்ச்சி. நாடு விடுதலை பெற்ற காலம். ராமேசுவரம் பஞ்சாயத்துத் தேர்தலில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜைனுலாப்தீன், தலைவராகவும் ஆனார். செல்வத்துக்காகவோ சாதிக்காகவோ அன்றி, மனிதருக்காகவே அப்பதவி வந்தது என்கிறார் கலாம். ஒருநாள் மாலை தந்தை தொழுகைக்குச் சென்றிருந்தார், தாயும் தொழுதுகொண்டிருந்தார். மின்சாரம் வராத ஊர். மண்ணெண்ணெய் விளக்கின் முன் சிறுவன் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். ஒருவர் வந்து, தலைவருக்கு ஒரு பொருள் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போகும்படி சிறுவன் சொன்னான். தந்தை திரும்பி வந்து பார்த்தார்: வெள்ளித் தாம்பாளத்தில் விலையுயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழங்கள், இனிப்புகள், கூடவே வந்தவரின் பெயர்ச்சீட்டு. அவ்வளவு சினத்தை அவர் முகத்தில் மகன் அதற்குமுன் கண்டதில்லை. அடி விழுந்தது. சிறுவன் அஞ்சி அழுதான். பிறகு தோளைத் தொட்டு அருகமர்த்தி, ஒரு பொறுப்புக்கு நியமிக்கப்பட்டவருக்கு அதற்கான வாழ்வாதாரத்தை அல்லாஹ் தருகிறான். அதற்குமேல் எடுப்பது முறையற்ற வரவு என்று விளக்கினார். அன்பளிப்பு ஏதேனும் ஒரு நோக்கத்தோடுதான் வரும். அது பாம்பைத் தொடுவதைப் போன்றது என்றும் சொன்னார்.

அபூதாவூதில் புரைதா (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியின் கருத்தே இது. ஸக்காத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நம் ஜமாஅத் நிர்வாகங்களிலும் அறக்கட்டளைகளிலும் பொறுப்பேற்றிருப்போர் இந்நபிமொழியை அறியாதவர்கள் அல்லர். ஒரு தாம்பாளத்தைக் கண்டதும் அது நினைவுக்கு வருகிறதா என்பதே கேள்வி. அடி விழுந்தது சரியா தவறா என்று இக்காலத்துப் பெற்றோர் விவாதிக்கலாம். அந்தப் பாடம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு மட்டும் ஒரு சான்று. கலாம் குடியரசுத் தலைவராயிருந்தபோது, 2006ஆம் ஆண்டு மே மாதம் உறவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் டெல்லிக்கு வந்து குடியரசுத் தலைவர் மாளிகையில் சில நாட்கள் தங்கினர். அவர்களுடைய தங்கும் செலவு, உணவுச் செலவு எல்லாவற்றுக்கும் கணக்குப் போடச் சொல்லி, மூன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் தம் சொந்தப் பணத்திலிருந்து அவர் செலுத்தியதை அவருடைய செயலாளராயிருந்த பி.எம். நாயர் பதிவு செய்துள்ளார்.

மகன் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்க விரும்பியபோது ஜைனுலாப்தீன் தடுக்கவில்லை. கடற்பறவை கூடில்லாமல் தனியே சூரியனைக் கடந்து பறக்கவில்லையா என்று கேட்டார். தயங்கிய தாயையும் தேற்றினார். பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று அல்ஹம்து சூரா ஓதினார். கடைசி மகன் கலெக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. அது நிறைவேறவில்லை, அதைக் குறையாகவும் அவர் சொல்லவில்லை. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. மகள் ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து அந்தத் தொகையைத் தந்தார். பஞ்சாயத்துத் தலைவராயிருந்த ஒருவரின் கையில் ஆயிரம் ரூபாய் இல்லாதிருந்தது என்பதைப் படிக்கும்போது அந்த வெள்ளித் தாம்பாளம் மீண்டும் நினைவுக்கு வருகிறது.

வாழ்நாள் நீண்டால் இழப்புகளும் நீளும். படகு கட்ட உடனிருந்த மருமகன் ஜலாலுத்தீன் அவருக்கு முன்பே காலமானார். அந்த இழப்பு முதியவரை மிகவும் தளர்த்திவிட்டது. நலிவுற்ற செய்தி கேட்கும்போதெல்லாம் கலாம் நகரத்திலிருந்து நல்ல மருத்துவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ராமேசுவரத்துக்கு ஓடிவருவார். ஒவ்வொரு முறையும் கண்டிப்புத்தான் கிடைக்கும். நீ வந்ததே எனக்குக் குணம். மருத்துவருக்கு ஏன் இவ்வளவு செலவு என்பார் அவர். நூறு வயதிலும் பிள்ளையின் பணம் வீணாவதைப் பொறுக்காத தகப்பன்மார் நம் வீடுகளிலும் இருந்திருக்கின்றனர்.

1976ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதினைந்து பேரப்பிள்ளைகளும் ஒரு கொள்ளுப்பேரனும் அப்போது இருந்தனர். கொடிகள் தாழ்த்தப்படவில்லை, எந்த நாளேடும் இரங்கற்குறிப்பு வெளியிடவில்லை. அவர் அரசியல்வாதியுமல்லர், அறிஞருமல்லர், பெருவணிகருமல்லர் என்று மகன் எழுதுகிறார். அடக்கம் முடிந்த இரவில் அம்மகன் தனியே அமர்ந்திருந்தார்.

அப்போது கலாம் எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநர். தும்பாவில் வேலை காத்திருந்தது. உம்மாவோடு நெடுநேரம் அமர்ந்திருந்தும் அவரால் பேச முடியவில்லை. ஆஷியம்மா மகனைத் தடுக்கவில்லை. கணவரின் வீட்டுக்குக் காவலாகத் தாம் ராமேசுவரத்திலேயே இருக்கவேண்டும் என்பதை அறிந்திருந்த அவர், தழுதழுத்த குரலில் வாழ்த்தி விடைகொடுத்து அனுப்பினார்.